களைகூட முளைக்காத மூலை

அத்தியாயம் 17

வெள்ளம் வடிந்து நாற்பத்திரண்டு நாட்கள் ஆகின்றன. சேர்மனின் பேச்சுதான் இன்னும் வடியவில்லை.

சேர்மன் என்றதும் புதிதாகப் படிக்க வந்தவர்கள் மிரள வேண்டாம். பாசனக் கமிட்டிக்கு எட்டு மாதம் தலைவராக இருந்தார். ஒன்பதாவது மாதம் கமிட்டியையே கலைத்துவிட்டார்கள். கமிட்டி போனதே தவிர பட்டம் போகவில்லை. வீட்டு நாற்காலி, ஏணி, வாளி, மண்வெட்டிக் காம்பு என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்ட்டில் 'சேர்மன்' என்று எழுதி வைத்திருக்கிறார்.

"அசந்து தூங்கினா என் முதுகுலயும் எழுதிடுவார்" என்று அவர் மனைவி, அதாவது நம் அண்ணி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளம் வந்த அன்று அவர் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். "உரமூட்டை, டீசல், களைக்கொல்லி டின், எதையும் கீழே வைக்காதீங்க! மேட்டுக்கு ஏத்துங்க!" ஊரே ஏற்றியது. 'நம்ம வயல் ஷெட்டுல இருக்கிறது?' என்று தம்பி கேட்டதற்கு, 'எல்லாம் ஏத்தியாச்சு' என்று ஒலிபெருக்கியிலேயே பதில் வந்தது.

பிறகு தண்ணீர் வந்தது. பதினோரு நாள் நின்றது. போகும்போது ஷெட்டின் கூரையையும் ஒரு சுவரையும் கொண்டு போனது. பதிலுக்கு வயல் முழுவதும் ஒரு கை உயரத்துக்கு வண்டலைப் போட்டுவிட்டுப் போனது.

அந்த வயலில் பாடுபடுகிறவன் சின்னவன், சேர்மனின் தம்பி. அண்ணன் பேசுவதற்கென்றே பிறந்ததால், இவன் பங்குப் பேச்சையும் சேர்த்து அவரே எடுத்துக்கொண்டார். இந்தப் பருவம் விதைக்க முடியவில்லை என்றால், சின்னவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியூர்க் கிடங்கு வேலைக்குப் போய்விடுவான். புதன்கிழமைக்குள் கிடங்குக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்று திங்கட்கிழமை.

*

காலை எட்டு மணிக்குச் சின்னவன் வயலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

மேலே வண்டல் காய்ந்து, ஓடு பதித்த தரை மாதிரி வெடித்துக் கிடந்தது. ஒரு வில்லையைப் பெயர்த்தான். அடியில் இருந்த மண்ணை ஒரு பிடி எடுத்துக் கைக்குள் வைத்து உருட்டினான். பென்சில் மாதிரி நீண்டது. இன்னும் உருட்டினான். கயிறு மாதிரி நீண்டது. உடையவில்லை.

உதிர வேண்டிய மண் கயிறாகத் திரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்த ஈரத்தில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது. இது அவனுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

மண்ணை முகர்ந்து பார்த்தான். அழுகிய முட்டை நாற்றம்.

வயலின் மேல்பாதியில் அங்கங்கே பச்சைப் புள்ளிகளாகக் களை எட்டிப் பார்த்தது. மூன்று வாரத்துக்கு முன் சோதனைக்காக அவன் தூவிய மக்காச்சோளமும் அங்கே நோஞ்சானாகத் தலை தூக்கியிருந்தது. ஷெட் இருந்த கீழ் மூலையில் மட்டும் ஒன்றும் இல்லை. சோளமும் இல்லை, களையும் இல்லை.

இதைச் சேர்மனிடம் போன வாரம் காட்டினான். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்.

"இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப்போடுறியே! களையே இல்லைடா. வெள்ளமே நமக்கு இலவசமா களை எடுத்துக் குடுத்திருக்கு. எவனுக்குக் கிடைக்கும் இந்த யோகம்?"

கையில் இருந்த மண் கயிற்றைச் சின்னவன் கீழே போட்டான். அப்போது போன் அடித்தது.

"டேய், எங்க இருக்க?" அக்காவின் குரல். "உட்கார்ந்துக்கோ. மண்ணு நல்லா இருக்குடா! ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு!"

நாற்பத்திரண்டு நாளாகச் சிரிக்காதவன் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. பழக்கம் விட்டுப் போயிருந்தது.

*

அந்த அக்கா மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள். சேர்மன் அவளை 'லேப்காரி' என்பார். தன்னைத் தவிர வேறு யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால் அவர் வைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

போன வாரம் அவள்தான் இரண்டு துணிப்பைகளைக் கொடுத்தாள். ஒன்று வண்டலுக்கு. இன்னொன்று அதன் கீழே இருக்கும் பழைய மண்ணுக்கு. "குறுக்கும் நெடுக்குமா நடந்து பதினஞ்சு இடத்துல எடுக்கணும். வண்டலைச் சுரண்டித் தள்ளிட்டு ஒரு சாண் ஆழம் வெட்டணும். எல்லாத்தையும் கலந்து அரைக் கிலோ போதும்."

சின்னவன் கையை நீட்டினான். சேர்மன் குறுக்கே புகுந்தார். "அறிவியல் விஷயம். நானே போறேன்."

தொப்பி, அளவு நாடா, புது ஷூ சகிதம் போனார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பையும் நிரம்பத் திரும்பி வந்தார்.

அந்த மண்தான் நிழலில் காய்ந்து, சலிக்கப்பட்டு, இன்று அவள் மேசைக்கு வந்திருந்தது. கண்ணாடிக் குடுவையில் முதல் பை மண்ணைப் போட்டு, ஆரஞ்சு நிறத் திரவத்தை ஊற்றி, அதன் மேல் அமிலத்தை விட்டாள். வயல் மண் என்றால் ஆரஞ்சு கொஞ்சம் மங்கும். இது எடுத்த எடுப்பிலேயே பச்சையாகிவிட்டது. கரிமச் சத்து எக்கச்சக்கமாக இருந்தால்தான் அப்படி ஆகும்.

பதினாறு வருஷ அனுபவம் 'பொறு' என்றது. கூடப்பிறந்த பாசம் போனை எடுத்தது. சந்தோஷச் செய்தியை ஐந்து நிமிஷம் அடக்கி வைக்க அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

போனை வைத்துவிட்டு இரண்டாவது குடுவைக்கு வந்தாள். இது வண்டல். வெள்ளம் எங்கிருந்தோ வாரிக்கொண்டு வந்த வெறும் சேறு.

அமிலத்தை விட்டாள். அதுவும் பச்சை. அதே பச்சை.

கையில் இருந்த குடுவையை மேசையில் வைத்தாள்.

எங்கிருந்தோ வந்த சேறும் தலைமுறையாக உழுத மண்ணும் இப்படி இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க முடியாது. சலித்தபோது சல்லடையில் தங்கிய கழிவு இன்னும் காகிதத்தில் மடித்து இருந்தது. அதைப் பிரித்து வெளிச்சத்தில் கொட்டினாள். தேங்காய் நார்த் தும்பு. ஒரு காய்ந்த ரோஜா இலை. அப்புறம் வெள்ளை வெள்ளையாக, பொரி மாதிரி எடையே இல்லாத துணுக்குகள்.

நர்சரியில் விற்கும் பூந்தொட்டிக் கலவையில் அதைப் போடுவார்கள்.

சின்னவனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. சேர்மனுக்கு அடித்தாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தார். இன்று என்று இல்லை, அவர் எப்போதும் வேறொருவருடன் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

அண்ணிக்கு அடித்தாள்.

"அண்ணி, மாடியில உங்க ரோஜாத் தொட்டி எல்லாம் சரியா இருக்கா?"

"உனக்கு யார் சொன்னா?" அண்ணியின் குரலில் ஒரு வாரத்துக் கோபம். "நாலு தொட்டியில பாதி மண்ணைக் காணோம். வேரெல்லாம் வெளியில தொங்குது. எலின்னு நெனச்சுப் பொறி வெச்சிருக்கேன்."

"எலி இல்ல அண்ணி. உங்க வீட்டுக்காரர்."

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுத்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு மண்ணெடுக்கப் போயிட்டு வந்தாரே, ஷூ எப்படி இருந்துச்சு?"

"பளபளன்னு இருந்துச்சு" என்றாள் அண்ணி மெதுவாக. "நான்கூட, பரவாயில்லையே, வாசல்லயே கழுவிட்டு வந்துட்டாரேன்னு சந்தோஷப்பட்டேன். அய்யய்யோ! ஏம்மா, சின்னவன் போன்ல ரிசல்ட்டைச் சொன்னதும் அவர் இப்பதான் பெரிய டிராக்டரைக் கூட்டிக்கிட்டு வயலுக்குப் போனார். கையில மைக் வேற. 'லேப்பே சர்டிபிகேட் குடுத்துடுச்சு, இன்னைக்கே உழவு'ன்னு."

"அந்த ஈரத்துலயா? அண்ணி, உடனே ஸ்கூட்டரை எடுங்க. லேப் வாசல்ல நிக்கிறேன்."

*

ஸ்கூட்டரில் போகும்போது காற்றில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"டிராக்டர் இறங்கினா என்ன ஆகும்?"

"பதினோரு நாள் தண்ணிக்குள்ள கிடந்த மண்ணு அண்ணி! உள்ள இருந்த மண்புழு, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை, எல்லாம் மூச்சு முட்டிச் செத்திருக்கும். இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா மூச்சு விட ஆரம்பிக்குது. அதும்மேல நாலு டன் வண்டி ஏறினா?"

"நெஞ்சு மேல ஏறின மாதிரி."

"ஆமா. அடியில சிமென்ட் மாதிரி இறுகிடும். வேர் இறங்காது, தண்ணி இறங்காது. சும்மா விட்டு, பசுந்தாள் பயிர் ஏதாவது விதைச்சு, அந்த வேரே மண்ணைப் பொளக்கட்டும்னு விட்டா ரெண்டு போகத்துல எழுந்துடும். அதைத்தான் அண்ணன்கிட்ட சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்னை உட்கார வெச்சு மண்ணைப் பத்தி எனக்கே பாடம் எடுத்தார்."

அண்ணி ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். அவளுக்கு அந்தப் பாடம் இருபத்தாறு வருஷப் பழக்கம்.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் இரண்டு சுற்று முடித்திருந்தது. மூன்றாவது சுற்றில் கீழ் மூலைக்குத் திரும்பும்போது பின் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. டிரைவர் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வண்டி இன்னும் ஒரு விரல் கீழே போனது.

வரப்பில் நின்றுகொண்டு சேர்மன் ஒலிபெருக்கியில் வழிகாட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் நின்ற தூரத்துக்குச் சாதாரணமாகக் கூப்பிட்டாலே கேட்கும்.

"இடது பக்கம் ஒடி! இதெல்லாம் மண்ணோட செழுமை! செழுமையில வண்டி கொஞ்சம் பதியத்தான் செய்யும்!"

"சார், மைக்கை மட்டும் கொஞ்சம் கீழே இறக்குங்க. வண்டி தானா ஏறிடும்" என்றார் டிரைவர்.

சின்னவன் சக்கரத் தடத்துக்குள் நின்றிருந்தான். தடத்தின் பக்கச்சுவர் அடிபட்ட தோல் மாதிரி நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. சக்கரம் அழுத்திய இடம் மெழுகு போட்டது போலப் பளபளத்தது. அதைக் கட்டை விரலால் குத்திப் பார்த்தான். விரல் இறங்கவில்லை.

"டேய்!" லேப்காரி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். "நிறுத்தச் சொல்லு! நான் சொன்னது தப்பு. அது நம்ம வயல் மண்ணே இல்லடா!"

எஞ்சின் நின்றது.

"அப்ப யார் மண்ணு?" என்றான் சின்னவன்.

"என்னோடது" என்றாள் வரப்பிலிருந்து அண்ணி. "ரோஜாத் தொட்டி மண்ணு. நாலு தொட்டி. ரிசல்ட் நல்லா வந்திருக்காமே, ரொம்ப சந்தோஷம்."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

சேர்மன் ஒலிபெருக்கியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஒரு விஷயத்தை நீங்க எல்லாரும் புரிஞ்சுக்கணும். அன்னைக்கு வயல் சேறா இருந்துச்சு. ஷூ புதுசு. அடிப்படையில பார்த்தா, மண்ணுங்கிறது எங்க இருந்தாலும் மண்ணுதானே?"

"அண்ணே" என்றாள் லேப்காரி.

சின்னவன் கண் சக்கரத் தடத்திலேயே இருந்தது. கண்ணைவிட மெஷினை நம்பி, காலையில் கையில் திரிந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டோமே என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இதோடு முடிந்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்திருக்கும்.

"ஒரே ஒரு தடவை பின்னாடி எடுத்துப் பார்த்துடறேன், வண்டி வெளிய வந்தாகணும்ல" என்று டிரைவர் சாவியைத் திருகினார். சக்கரம் சுழன்றது. சேற்றை வாரி இறைத்தது. அதோடு சேர்ந்து அடியிலிருந்து வேறு ஏதோ ஒன்று எகிறி வந்து சின்னவனின் காலடியில் விழுந்தது.

இருபது லிட்டர் பிளாஸ்டிக் டின். பக்கவாட்டில் வாய் பிளந்திருந்தது. உள்ளே காலி. விழுந்த இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மெல்லப் பரவியது.

லேப்காரி குனிந்தாள். டக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெடி மண்டையில் ஏறியது.

"கையால தொடாதே! களைக்கொல்லி. விதை முளைக்கிறதுக்கு முன்னாடியே கருக்குற மருந்து."

சின்னவன் கால் கட்டை விரலால் டின்னை ஒரு புரட்டுப் புரட்டினான். சேறு வழிந்தது. அடியில் சிவப்புப் பெயின்ட் தெரிந்தது. கொஞ்சமும் அழியவில்லை. நல்ல பெயின்ட்.

சேர்மன்.

டிரைவரின் தோள் குலுங்குவது நின்றுவிட்டது.

சின்னவன் நிமிர்ந்து கீழ் மூலையைப் பார்த்தான். களை இல்லாத, சோளம் இல்லாத, துடைத்துவிட்டது போன்ற அந்த மூலை. பிறகு அண்ணனைப் பார்த்தான். பிறகு மறுபடியும் டின்னை.

"எல்லாம் ஏத்தியாச்சுன்னு சொன்னீங்க" என்றான்.

"சொன்னேன்."

"மைக்கில சொன்னீங்க."

"ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சுட்டு வந்து ஏத்திக்கலாம்னு..." சேர்மனின் குரல் பாதியில் கரைந்தது. "வர்றதுக்குள்ள தண்ணி வந்துடுச்சு."

"அப்ப, சேத்துக்குப் பயந்து வயல்ல இறங்காம இருக்கல." லேப்காரி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க மண்ணெடுத்தாலும் சோதனையில இது வெளிய வந்துடும்னு பயந்து இறங்கல. ஏன்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மறுநாளே தோண்டி எடுத்திருக்கலாமே. மூலையோட போயிருக்குமே. இப்ப உழுது வேற கலக்கி..."

அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. காணாமல் போன ரோஜா மண்ணுக்குக் கோபப்படலாம், திட்டலாம், கேலி செய்யலாம். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாகச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறோம் என்று நினைத்திருந்தாள். அந்தச் சத்தத்துக்குள் இவ்வளவு பெரிய மௌனம் இருந்திருக்கிறது.

"எத்தனை டின்?" என்றான் சின்னவன்.

ஒரு கேள்விக்கு அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பதில் சொல்லும் மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"ஆறு."

கிடைத்திருப்பது ஒன்று.

சின்னவனின் பார்வை தானாகச் சரிவுப் பக்கம் போனது. இந்த வயலில் விழுந்த தண்ணீர் எல்லாம் அந்த மூலையில் இருக்கும் குழாய் வழியாகத்தான் அடுத்த வயலுக்கு வடியும். அடுத்த வயலுக்காரர் நான்கு நாளைக்கு முன்பு விதை போட்டார். 'களையே இல்லாத மண்ணு, தைரியமா போடு' என்று சொல்லி அனுப்பியது யார் என்று உங்களுக்கே தெரியும். அவருடைய வயல் ஓரத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றில் இருந்துதான் அவர் வீட்டுக்குக் குடிதண்ணீர்.

எஞ்சின் சத்தம் கேட்டு அவரும் தன் வரப்புக்கு வந்திருந்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். கூப்பிட்டால் பாதி கேட்கும், பாதி கேட்காது. அவ்வளவு தூரம்.

"என்னப்பா அது? டின்னு மாதிரி தெரியுது?"

சின்னவன் வாயைத் திறந்தான். அண்ணி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

வரப்பில் இரண்டு எட்டு வைத்துக் கணவனிடம் போனாள். கைநழுவித் தொங்கிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியை நிமிர்த்தி அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அதன் பிடியிலும் சிவப்பில் எழுதியிருந்தது.

"கேக்கறார்ல. சொல்லுங்க" என்றாள். "ஊருக்கெல்லாம் சொல்வீங்களே."

அடுத்த வரப்பில் அவர் இன்னும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

சேர்மன் பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. அப்புறம் வயல் முழுவதும் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.